நூலகம் படிச்ச பேராண்டிக்கு

ஏண்டா பேராண்டி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல நூலக அறிவியல் முடிச்சிட்டியாமே. சந்தோசம். இனிமே கையக் கால ஆட்டாதே, திண்ணையில பாய விரிச்சுப் படு. கவர்மெண்டு ஆர்டரு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல இறங்கி, நம்ம வீட்டுக்கு வழி விசாரிச்சுக்கிட்டே வரும். அந்த நேரம் பார்த்து நீ வெளிய போயிட்டா மரியாதையா இருக்குமா?

தொழில் கிழில்னு எவனாச்சும் சொன்னா காதுல வாங்காதே. நூலகம் படிச்சவங்க எல்லாம் சீர்காழிக்காரரு ரங்கநாதனைக் கும்புடுறீங்களே, அவரே 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியில சேர்ந்த கொஞ்ச நாள்லயே பொழுது போகாம, கணக்கு வாத்தியாராவே திரும்பிப் போறேன்னு கெஞ்சுனவரு. அப்புறம் லண்டன் போனாரு. அங்க ஒரு கடையில மெக்கானோன்னு, பிள்ளைங்க மாட்டிக் கழட்டுற விளையாட்டுச் சாமானைப் பார்த்தாரு. புஸ்தகத்தை வகை பிரிக்க அதுலயே வழி பொறந்துச்சு. 1933ல கோலன் பகுப்புமுறை வந்துச்சு. கடைத்தெருவுல வேடிக்கை பார்த்தா இப்படித்தான் வேலை வந்து ஒட்டிக்கும். நீ சந்தைப் பக்கமே போகாதே!

மன்னார்குடிப் பக்கம் மேலவாசல்ல கனகசபைப் பிள்ளை 1931லயே மாட்டுவண்டியில புஸ்தகம் ஏத்தி ஊர் ஊரா அனுப்புனாரு. உக்காரத் தெரியாத மனுசன்.

நம்ம கல்வராயன் மலையில கடுக்கா பொறுக்குறவங்களுக்கு அன்னைக்கு வெளிய என்ன விலை போவுதுன்னு தெரியாது. 2006ல வந்த வன உரிமைச் சட்டத்துல எந்தக் காகிதத்தை எங்க குடுக்கணும்னும் பல பேருக்குத் தெரியாது. தேடி எடுத்து, வேணுங்கிறவன் கையில சேர்க்கிறதுதானே உன் படிப்பு? ஆனா அவங்ககிட்ட காசு கேட்டுடாதே, பாவம். காசு இருக்கிற இடம் ரைஸ்மில்லு. முதலாளி வீட்டுல பத்திரம், ஜிஎஸ்டி பில்லு எல்லாம் சாக்குல கெடக்கும். ஆடிட்டர் வர்ற அன்னைக்கு வீடே தலைகீழாயிடும். அடுக்கி, ஸ்கேன் பண்ணி, கேட்ட நிமிசம் எடுத்துக் குடுத்தா வருசக் கூலி தராமயா போயிடுவாரு? கேக்குறவன் நேரத்த மிச்சம் பண்ணுன்னு ரங்கநாதனே 1931ல நாலாவது விதியா எழுதி வச்சிருக்காரு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருப்ப. அது போதும், செஞ்சு வேற பார்க்கணுமா?

நம்ம பரண்ல மூணு டிரங்குப் பெட்டி பத்திரம் கெடக்கு. உங்க பெரியப்பன் பட்டா தேடியே பாதி ஆளாயிட்டான். அவன் சொந்தம்னு சொல்லி ஓசியில கேப்பான். அட்வான்ஸ் வாங்காம பூட்டத் தொறக்காதே. சாவி என்கிட்டதான் இருக்கு. அதுக்குத் தனிக் கமிசன்.