பக்கத்து வீட்டு அடங்கல்

அமெரிக்காவில் ஒருவரிடம் கேட்கவே கூடாத கேள்விகள் என்று ஒரு பட்டியல் உண்டு. சம்பளம், வயசு, எடை, வீடு என்ன விலை. வந்து இறங்கிய முதல் மாதமே, நமக்கு முன்னால் வந்த தமிழர் யாராவது இதை ஓதிவிடுவார். நாமும் அடுத்தவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, நாக்கு நுனிவரை வந்த கேள்வியைக் காபியோடு விழுங்கிவிட்டு, மழை வருமா என்று பேசப் பழகிக்கொள்வோம். ஓதியவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கேட்கத்தான் கூடாது. பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் இருப்பது டென்னசி மாநிலத்தின் கிழக்கே ஒரு சின்ன கவுன்ட்டி. மாட்டுக் கொட்டகை, வைக்கோல் உருளை, தேவாலயம், மறுபடி வைக்கோல் உருளை. மாநிலத்தில் இப்படி 95 கவுன்ட்டிகள். பெரிய நகரங்கள் உள்ள சில கவுன்ட்டிகள் தனிக்கடை போட்டிருக்கின்றன. மற்றவற்றின் சொத்து விவரமெல்லாம் மாநில காம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் இணையதளத்தில் ஒரே இடத்தில் கிடைக்கும். காசு கிடையாது, ஓடிபி கிடையாது, 'உங்களுக்கு எதுக்கு அது' என்ற கேள்வியும் கிடையாது.

பெயரையோ தெருவையோ தட்டினால் போதும். யார் நிலம், எத்தனை ஏக்கர், எந்த வருஷம் என்ன விலைக்குக் கைமாறியது, வீடு கட்டிய ஆண்டு, கூரை என்ன, தரை என்ன, குழாய்ச் சாமான்கள் எத்தனை, பின்பக்கக் கொட்டகை எத்தனை சதுர அடி, எல்லாம் வந்து விழும். வீட்டின் வெளிக்கோட்டை அளவு போட்டு வரைந்து வேறு வைத்திருப்பார்கள். குளியலறை டைல்ஸுக்கு ஒரு வரி. பெயின்ட், அலங்காரம் எப்படி என்பதற்கும் ஒரு வரி. அதில் 'சராசரி' என்று போட்டிருக்கும். ஒரு அரசாங்கம் குடிமகனின் வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு இப்படி எழுதி ஊருக்கே காட்டுவதைப் போன்ற வெளிப்படைத்தன்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை. வரி கட்டியாயிற்றா, பாக்கியா என்பதை வரி அலுவலகத்தின் தளத்தில் பார்க்கலாம், கட்டிய தேதியோடு.

இதனால் எங்கள் வட்டாரத் தமிழர்களிடையே நடிப்புக்கலை நன்றாக வளர்ந்திருக்கிறது. கிரகப்பிரவேச அழைப்பு வந்த இரவே எல்லோரும் பார்த்து முடித்துவிடுவார்கள். பிறகு அந்த வீட்டுக்குள் நுழைந்து, "அட, பேஸ்மென்ட் வேற இருக்கா!" என்று கண்ணை விரிப்பார்கள். அழைத்தவர், "ஏதோ நம்ம சக்திக்கு" என்று நெளிவார். அந்தச் சக்தி டாலரில் எவ்வளவு என்பது நெளிகிறவருக்கும் தெரியும், விரிப்பவருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட நாட்டுக்கு ஒரு கோடையில் என் மாமனார் வந்து சேர்ந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். நயாகரா போகலாமா என்றோம். "தண்ணிதானே, கல்லணையில பாக்காததா" என்று விட்டுவிட்டார். ஒரு மழை நாளில் பொழுதுபோகட்டும் என்று இந்தத் தளத்தைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்தான். ஊருக்கு விமானம் ஏறும்வரை மடிக்கணினி அவர் வசம் இருந்தது.

முதலில் எங்கள் வீட்டைத்தான் தேடினார். இங்கே பதிவேட்டில் குடும்பப் பெயர் முன்னால் வரும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதால், சொத்தின் உரிமையாளராக என் அப்பா முதலில் நின்றார், அவருக்குப் பின்னால் நான்.

மாமா முகம் மாறியது. "வீடு சம்பந்தி பேர்லயா இருக்கு?"

விளக்கினேன். அரைமனதாக ஒத்துக்கொண்டார்.

"சரி, எம் பொண்ணு பேரு எங்க?"

அங்கேதான் சிக்கல். இந்த ஊர்ப் பதிவுகளில், கணவன் பெயருக்குப் பின்னால் 'மற்றும் மனைவி' என்று ஒரு லத்தீன் சுருக்கத்தைப் போட்டுவிட்டுப் போய்விடும் வழக்கம் உண்டு. எங்கள் வீட்டுப் பதிவு அட்டையில் அதற்குமேல் எதுவும் இல்லை. பத்திர நகலைத் தேடியெடுத்து, மகளின் பெயர் முழுசாக இருப்பதைக் காட்டிய பிறகுதான் மாமா சாப்பிட எழுந்தார்.

மறுநாள் பக்கத்து நிலம். மாடு வளர்க்கும் பெரியவர் ஒருவருடையது.

"பதினஞ்சு ஏக்கர். ரெண்டேகால் வேலி," என்று மாமா மனக்கணக்காகவே மாற்றிவிட்டார். "ரெண்டேகால் வேலிக்கு மதிப்பு ஏன் இவ்வளவு கம்மியா போட்டிருக்கான்?"

1976இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. 15 ஏக்கருக்குக் குறையாத நிலத்தில் விவசாயம் நடந்தால், மனை விலையை விட்டுவிட்டு விவசாய நிலமாக என்ன பெறுமோ அதற்குத்தான் வரி. பின்னால் மனை போட்டு விற்றால், மிச்சம் பிடித்த வரியை மூன்று வருஷத்துக்குக் கணக்குப் பார்த்து வாங்கிவிடுவார்கள்.

"பயிர் இருக்குன்னு எப்படித் தெரியும்? அடங்கல் எங்க?"

பயிர்க் கணக்கு எழுதும் அந்த ஏடு இங்கே இல்லை என்றதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலையிலிருந்து நடைப்பயிற்சி வேலியோரமாக மாறியது. உருளைகளை எண்ணிக்கொண்டு வந்து, "இந்தப் பசலிக்குப் பரவாயில்லை" என்று என்னிடம் அறிக்கை கொடுத்தார்.

அடுத்தவர் சொத்தை இப்படி நோண்டலாமா என்று எனக்கே கொஞ்சம் உறுத்தியதுண்டு. வரிக் கணக்கைப் படித்ததும் அது போய்விட்டது. வீட்டின் மதிப்பு 2 லட்சம் டாலர் என்றால், அதில் 25 சதவீதம், 50,000 டாலருக்குத்தான் வரி. விகிதம் நூறுக்கு 2 டாலர் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 1,000 டாலர். சில வருஷங்களுக்கு ஒருமுறை எல்லாச் சொத்துக்கும் புதிதாக மதிப்புப் போடுவார்கள். அப்படிப் போடும்போது, மொத்த வசூல் பழையபடியே இருக்கும்படி விகிதத்தைக் குறைத்துக் கணக்கிட வேண்டும் என்பது இங்கே சட்டம். அதனால் என் வீட்டு மதிப்பு ஏறினால் மட்டும் வரி ஏறிவிடாது. பக்கத்து வீட்டைவிட அதிகமாக ஏறினால்தான் ஏறும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் குறைத்துப் போட்டால் அந்தக் குறை என் தலையில் விடியும். ஆக, அவர் வீட்டுக் கூரையை நான் எட்டிப் பார்ப்பது வம்பு அல்ல, தணிக்கை. நம் ஊர்த் திண்ணைகளில் சம்பளமில்லாமல் நடந்துவந்த அதே பணி.

மாமாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "பெரிய கோயில் சுவத்துல என்ன எழுதியிருக்கு? ஊர் ஊரா நிலம் எவ்வளவு, அதுல குளம், வாய்க்கா, சுடுகாடு போக வரி உள்ளது எவ்வளவுன்னு ராஜராஜன் வெட்டி வெச்சிருக்கான். போறவன் வர்றவன் எல்லாம் படிக்கட்டும்னுதானே?"

பத்திரங்களில்தான் அவர் உண்மையிலேயே குஷியானார். ஓஹாயோவில் தொடங்கி மேற்கே போனால், 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 மைல் சதுரமாகக் கட்டம் போட்டு அளந்த நிலம் ஏராளம். டென்னசியில் அந்த ஒழுங்கு கிடையாது. இங்கத்திய பழைய பத்திரம் ஒரு ஓக் மரத்தில் புறப்பட்டு, ஓடையோடு வளைந்து, ஒரு முளைக்குச்சியில் திரும்பி, இன்னாருடைய மூலையைத் தொட்டுவிட்டு மறுபடி அதே மரத்துக்கு வந்து சேரும்.

"மரம் செத்துப்போச்சுன்னா?"

"வக்கீல் பிழைப்பார், மாமா."

விலை எழுதும் இடத்தில் பத்து டாலரும் பிற மதிப்புள்ள பிரதிபலனும் என்று போட்டிருந்ததைப் பார்த்து மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். குறைத்துக் காட்டுவதில் உலகமே ஒரே ஜாதி என்ற மகிழ்ச்சி. கீழே வாங்கியவர் உண்மையான மதிப்பைச் சத்தியம் செய்து எழுதியிருப்பதைக் காட்டினேன். அதற்கு இங்கே பத்திர வரி 100 டாலருக்கு 37 சென்ட். நம் ஊரில் முத்திரைத் தீர்வை மட்டும் நூற்றுக்கு ஏழு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முப்பத்தேழு சென்ட்டுக்கு எவன் மாப்பிள்ளை பொய் சொல்லுவான்?" என்றார்.

மதிப்புப் போடுகிறவர், பத்திரம் பதிகிறவர், வரி வாங்குகிறவர் மூவரையும் இங்கே நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரி வசூலிக்கும் அதிகாரி தன் பெயரை அட்டையில் எழுதிப் புல்வெளியில் நட்டுவைத்து, கைகுலுக்கி ஓட்டுக் கேட்பதை நீங்கள் பார்க்க வேண்டும். 1798இல் கலெக்டர் ஜாக்சனைப் பார்ப்பதற்காகக் குற்றாலத்திலிருந்து ராமநாதபுரம் வரை அலைக்கழிக்கப்பட்ட கட்டபொம்மன் பார்த்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் முதல் தேதி வாக்கில் கவுன்ட்டியின் மதிப்புச் சமன்பாட்டு வாரியம் கூடும். மதிப்பு அதிகம் என்று நினைப்பவர்கள் அங்கே போய் முறையிடலாம். சும்மா அழுதால் போதாது, அக்கம்பக்கத்து வீடுகளின் விவரத்தோடு போக வேண்டும். மாமா கைவசம் தெருவே இருந்தது. வெள்ளைத்தாளில் மனு தயாரானது. மேற்படி வீட்டின் தரை தேய்ந்தும், தளம் உளுத்தும், பெயின்ட் மங்கி உரிந்தும் காணப்படுவதால் 'சராசரி' என்பதைத் திருத்தி 'சராசரிக்கும் கீழ்' என்று பதியுமாறு பணிவுடன் வேண்டப்பட்டிருந்தது.

என் மனைவி அதை வாங்கிப் படித்தாள். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்க அவள் கடையில் நின்ற நேரத்தில் நான் வேறு மொழி ஒன்றைக் கற்றிருக்கலாம்.

"ஏம்ப்பா, அட்டையில எம் பேரும் இல்ல, இருக்கிற பெயின்டும் சுமார். இப்ப நீங்க மட்டம்னு எழுதித் தரப்போறீங்களா? போடறதா இருந்தா 'நன்று'ன்னு மாத்தச் சொல்லிப் போடுங்க. வரி ஏறினா ஏறட்டும்."

மாமா மனுவை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஆட்சேபணை வந்துடுச்சு மாப்பிள்ளை. இனிமே கள விசாரணை முடியாம மேல அனுப்ப முடியாது."