லேக் வியூ ரோட்டிலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தபால்காரர், மூன்றாம் மாடி (லிஃப்ட் கிடையாது), லேக் வியூ ரோடு, மேற்கு மாம்பலம், சென்னை-33.

பெறுநர்: தலைவர் அவர்கள், குடியிருப்போர் நலச் சங்கம், சோழிங்கநல்லூர்ப் பக்கம் உள்ள ஒரு கேட்டட் கம்யூனிட்டி, சென்னை-119.

பொருள்: தங்கள் மதில் சுவருக்குள் குடிவரலாமா, கூடாதா என்பது தொடர்பாக.

பார்வை: தங்கள் விதிமுறைப் புத்தகம், 38 பக்கங்கள்.

ஐயா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகனும் மருமகளும் வீடு பார்ப்பதற்காக எங்களைத் தங்கள் வளாகத்துக்கு அழைத்து வந்தார்கள். வாசலில் என் போனுக்கு ஓடிபி வந்தது. கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்ததால் அதைப் படிக்க நான்கு நிமிடம் ஆனது. அதற்குள் பின்னால் ஆறு கார்கள் நின்றுவிட்டன. வந்திருப்பது நான்தான் என்று போன் உறுதி செய்த பிறகே தடுப்புக் கம்பம் உயர்ந்தது. முப்பத்தாறு வருடம் ஊரார் வீட்டுக் கதவைத் தட்டிய எனக்கு இப்படி ஒரு வரவேற்பு இதுவரை கிடைத்ததில்லை. நன்றி.

வீடு திரும்பியதும் தங்கள் விதிமுறைப் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். படித்தபின் எழுந்த சில சந்தேகங்களைத் தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுக்கு 54 படி. அந்தக் கணக்கு என்னைவிட என் மனைவியின் முழங்காலுக்கு நன்றாகத் தெரியும். தங்களிடம் ஒரு ப்ளாக்குக்கு மூன்று லிஃப்ட். எங்கள் தெருவில் பேரன் சைக்கிள் ஓட்டினால் நான் பின்னாலேயே ஓட வேண்டும். தங்கள் வளாகத்தில் குழந்தைகள் தம் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மகனுக்கு வேலை நாவலூரில். இப்போது போக வர மூன்று மணி நேரம் ஆகிறது. பதினான்காம் மாடிக்குக் கொசு ஏறாது என்று தங்கள் விற்பனைப் பையன் உறுதி கூறினான். மேற்கு மாம்பலத்துக் கொசுவை அவனுக்குப் பழக்கமில்லை. சாமான் லாரியிலேயே ஏறி வந்துவிடும்.

ஊரின் இரைச்சலை விட்டு வெளியே வாருங்கள் என்கிறது தங்கள் விளம்பரத் தாள். ஒரு சின்னத் திருத்தம். சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்த 2011லேயே சோழிங்கநல்லூர் ஊருக்குள் வந்துவிட்டது. மண்டல எண் 15. சொத்து வரி ரசீது நம் இருவருக்கும் ஒரே அலுவலகத்தின் பெயரில்தான் வருகிறது.

அடுத்தது விலை. 1,650 சதுர அடி என்றார்கள். நடந்து பார்த்ததில் என் காலுக்கு அகப்பட்டது 1,200தான். மீதி எங்கே என்று கேட்டேன். லிஃப்ட் வாசலிலும் க்ளப் ஹவுஸிலும் நீச்சல் குளக்கரையிலும் அது எனக்காகக் காத்திருக்கிறதாம், சூப்பர் பில்ட்-அப் என்று அதற்குப் பெயராம். எனக்கு நீச்சல் தெரியாது. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு நாலரை ரூபாய், மாதம் 7,425 ரூபாய். மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வெறும் 75 ரூபாய் இடைவெளியில் அரசாங்கத்தை வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள். அதற்கு ஓடிபி அனுப்பவில்லை போலிருக்கிறது. இந்தச் சாமர்த்தியத்தை உண்மையாகவே மெச்சுகிறேன்.

தண்ணீர் பற்றியும் கேட்டேன். கிழக்கே கடல், மேற்கே சதுப்பு நிலம், நடுவில் தங்கள் வளாகம். குடிக்கவும் குளிக்கவும் லாரி. நாங்கள் நின்ற அரை மணி நேரத்தில் பின்வாசல் வழியாக இரண்டு டேங்கர்கள் வந்து போயின. எங்கள் தெருவிலும் 2019 கோடையில் குடத்தோடு நின்றிருக்கிறோம். அதற்குப் பஞ்சம் என்று பெயர். தங்கள் வளாகத்தில் அது மாதாந்திர ஏற்பாடு.

இப்போது ஏரி விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு முன் அனுபவம் உண்டு.

நான் குடியிருப்பது லேக் வியூ ரோட்டில். இங்கே லேக் கிடையாது. ஒருகாலத்தில் மாம்பலத்தில் பெரிய ஏரி இருந்தது. 1920களில் அதைத் தூர்த்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். ஏரி போய்விட்டது, அதைப் பார்த்துக்கொண்டிருந்த தெருவின் பெயர் மட்டும் மிஞ்சியது. மழைக்காலத்தில் துரைசாமி சப்வே வழியாக ஏரி தன் பழைய விலாசத்தைத் தேடி வரும். தபால்காரன் என்ற முறையில் அதை என்னால் குறை சொல்ல முடியவில்லை. விலாசம் மாறினால் தெரிவிக்க வேண்டியது நம் பொறுப்பு.

தாங்களும் எனக்கு ‘லேக் வியூ’ ஃப்ளாட் காட்டினீர்கள். பால்கனியில் நின்று பார்த்தேன். நிஜமாகவே தண்ணீர் தெரிந்தது, வெள்ளை வெள்ளையாகப் பறவைகளும் தெரிந்தன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது என்பார்கள். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது கணக்குக்கு வந்தது ஏறக்குறைய 1,248 ஹெக்டேர். நூறு வருடம் முன்பு தூர்த்த ஏரியில் குடியிருப்பவனைப் பாதி தூர்த்த சதுப்புக்குக் கூப்பிடுகிறீர்கள். 2023 டிசம்பர் புயல் மழையில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் படகு போனதை டிவியில் பார்த்தேன். பதினான்காம் மாடிக்குத் தண்ணீர் வராதுதான். ஆனால் பால் பாக்கெட் தரைத்தளத்தில் அல்லவா இருக்கும்?

லேக் வியூ ஃப்ளாட்டுக்கு விலை குறைவாக இருந்தது. கடல் தெரியும் கிழக்குப் பக்கம் சதுர அடிக்கு 150 ரூபாய் கூடுதல். ஏரிக்கு ஏன் இந்தத் தள்ளுபடி என்று கேட்டேன். பையன் குரலைத் தாழ்த்தினான். “அந்தப் பக்கம் கவர்ன்மென்ட் ப்ளாக்ஸ் தெரியும் சார்.”

பார்த்தேன். பெரும்பாக்கத்தின் எட்டு மாடி அடுக்ககங்கள் வரிசையாக நின்றன. ஜன்னல்தோறும் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு ஜன்னல் செல்வியுடையது. எது என்றுதான் தெரியவில்லை.

செல்வி எங்கள் வீட்டில் பதினாறு வருடமாக வேலை செய்கிறார். முன்பு சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் இருந்தார். நடந்தே வந்துவிடுவார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்துக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். செல்வியிடம் யாரும் விளம்பரத் தாள் நீட்டவில்லை, மாதிரி வீடு காட்டவில்லை, சாதக பாதகங்களை எழுதிப் பார்க்கச் சொல்லவும் இல்லை. லாரி வந்தது, சாமான் ஏறியது. அவர் மகள் பத்தாம் வகுப்பின் பாதியில் வேறு பள்ளிக்கு மாறினாள். செல்விக்கு வீடு மாறினாலும் வேலை மாறவில்லை. விடியலில் கட்டணமில்லாப் பேருந்தில் ஏறி, ஒன்றரை மணி நேரம் கழித்து எங்கள் 54 படியையும் ஏறி வருகிறார். மூச்சு வாங்க வாசல்படியில் கொஞ்சம் உட்காருவார். என் மனைவி காப்பி கொடுத்துவிட்டுத் தன் முழங்காலைப் பற்றிச் சொல்வாள், அவர் தன் முழங்காலைப் பற்றிச் சொல்வார்.

தங்கள் வளாகத்தைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். “நல்லதாப் போச்சு சார். அங்க வந்துட்டீங்கன்னா ஷேர் ஆட்டோல பத்து நிமிஷம். புள்ளைக்கு சமைச்சு வெச்சுட்டே வந்துடுவேன்.”

சாதகப் பட்டியலில் இதைத்தான் முதலில் எழுதினேன். அப்புறம் தங்கள் புத்தகத்தின் 23ஆம் பக்கத்துக்கு வந்தேன்.

வீட்டுப் பணியாளர்கள் சர்வீஸ் லிஃப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும். நாய்கள் வாய்க்கூண்டு அணிந்திருந்தால் எந்த லிஃப்டிலும் வரலாம். பணியாளர்கள் பூங்கா பெஞ்சுகளில் உட்காரக் கூடாது. வெளியே போகும்போது பை சோதிக்கப்படும். வீட்டிலிருந்து எதையாவது எடுத்துச் சென்றால் உரிமையாளர் செயலியில் அனுமதி தர வேண்டும். அதாவது தீபாவளிக்குப் புடவை கொடுத்தாலும் சரி, மிஞ்சின இட்லி நாலைக் கட்டிக் கொடுத்தாலும் சரி, நான் கண்ணாடியைத் தேடி எடுத்து போனில் பொத்தானை அமுக்கும்வரை செல்வி வாசலில் நிற்க வேண்டும்.

அதே பக்கத்தில் இன்னொரு வரி. கூரியர், உணவு டெலிவரி, தபால் ஊழியர்களுக்கும் சர்வீஸ் லிஃப்ட்.

ஐயா, இங்கேதான் எனக்குக் குழப்பம். வேலையில் இருந்தபோது வந்திருந்தால் நான் எந்த லிஃப்டில் ஏறியிருப்பேன் என்பது தெளிவாக இருக்கிறது. ஓய்வுபெற்றவன் எதில் ஏறுவது? பழக்கதோஷத்தில் ஒருநாள் கீழ் வீட்டுக்காரர் தபாலை நானே கொண்டுபோய்க் கொடுத்தால், ஏறும்போது குடியிருப்பவனாகவும் இறங்கும்போது ஊழியனாகவும் ஆகிவிடுவேனா? செல்வி வாய்க்கூண்டு போட்டுக்கொண்டால் விதியில் தளர்வு உண்டா?

இன்னொரு கணக்கும் போட்டேன். கிழக்குப் பக்கத்துக்குக் கூடுதல் 150 ரூபாய், பெருக்கல் 1,650 சதுர அடி, ஆக 2,47,500 ரூபாய். கடலைப் பார்க்க இது விலை என்று என் மகன் நினைக்கிறான். கடலை பெசன்ட் நகரில் சும்மாவே பார்க்கலாம். செல்வி வீட்டைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான் இந்தப் பணம் என்று எனக்குப் படுகிறது. அவர் வேண்டும், பத்து நிமிடத் தூரத்திலேயே வேண்டும். ஆனால் ஜன்னலில் தெரியக் கூடாது.

மகன் வங்கியில் கடனுக்கு எழுதிப் போட்டுவிட்டான். அவனுடைய மூன்று மணி நேரத்தையும் என் மனைவியின் முழங்காலையும் நான் அலட்சியம் செய்ய முடியாது. ஆகவே வரவே மாட்டோம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. வந்தால் மேற்குப் பக்க ஃப்ளாட்தான். 23ஆம் பக்கத்தை மட்டும் அடுத்த பொதுக்குழுவில் எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மீதி 37 பக்கத்துக்கும் கட்டுப்படுகிறேன். நீச்சல் குளத்துக்கும் பணம் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வருங்காலக் குடியிருப்பவன் (ஒருவேளை)

பி.கு.: பதிலைத் தபாலிலேயே அனுப்பவும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் விளக்கு எரிவதில்லை. தபால்காரரைப் பார்த்து ஏறச் சொல்லவும்.