உளி கத்தினால் நிப்பாட்டு

1990 யூனில் போர் மறுபடி மூண்டதோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. இங்கிலாந்தில் கீத் ரௌலி, மரக்கடைச்சல் பழகத் தொடங்குபவர்களுக்கான பாடநூலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அந்த நூல் என் கைக்கு வர இருபது வருடத்துக்கு மேலாயிற்று. அதுவரை எனக்கிருந்த பாடநூல் பெரியப்பாவின் பட்டறையும் என் வலது கையும்.

மோட்டர் செத்துப்போன பட்டறையில் பெரியப்பா ஒரு பழைய சைக்கிளைத் தலைகீழாகக் கட்டினார். பின்சில்லின் டயரைக் கழற்றி, ரிம்மில் கயிறு ஓட்டி, கடைச்சல் மெசினோடு பூட்டினார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. எனக்குப் பன்னிரண்டு வயது. கட்டில் கால் ஏறினால் “மெல்லச் சுத்து தம்பி” என்பார். பம்பரம் ஏறினால் “இப்ப இழுத்து விடு” என்பார். தடித்த மரத்துக்கு மெதுவான சுற்று, மெல்லியதற்கு வேகம். மரம் தடிக்கத் தடிக்க அதன் விளிம்பு ஓடும் வேகம் கூடும். கோணல் துண்டென்றால் மெசினையே உலுக்கிவிடும். இதை எனக்கு யாரும் விளக்கவில்லை, தோள்மூட்டு நோவில் விளங்கிக்கொண்டேன்.

இருட்டினால் ஜாம் போத்தல் விளக்கு. அந்த வெளிச்சத்தில் பெரியப்பா காதால்தான் கடைந்தார். உளி ஒழுங்காக வெட்டும்போது பட்டுச்சேலை உரசுவதுபோல ஒரு சத்தம் வரும். நீளமாய்ச் சீவல் சுருண்டு விழும். வாய் மழுங்கினால் கிறீச்சிடும், தூள் பறக்கும். “உளி கத்தினா நிப்பாட்டு. அமத்தாத, தீட்டு” என்பார். சாணைக்கல்லைச் சுற்றியதும் நான்தான்.

இரண்டாம் வருடம்தான் உளி தந்தார். ஒரு பூவரசந் துண்டு. எடுத்த எடுப்பில் வாயை மரத்தில் கொடுத்தேன். மரம் உளியைப் பிடித்து இழுக்க, துண்டு கழன்று என் நெற்றியில் அடித்தது. அவர் பின்னால் வந்து என் முழங்கையை விலாவோடு ஒட்டவைத்தார். உளியைத் தாங்கியில் ஊன்றி, பிடியைத் தாழ்த்தி, வாய்க்குப் பின்னாலுள்ள சாய்வு மட்டும் மரத்தில் தடவவிட்டார். பிறகு பிடியை ஒரு நூல் அளவு உயர்த்தினார். சீவல் வந்தது.

இப்போது என் மருமகனுக்குப் பத்தொன்பது வயது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் குமிழ் வைத்த சின்ன மெசின் வாங்கியிருக்கிறான். போனில் ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் றஃபன் கடைகிறார்; 1986இல் தொடங்கிய அமெரிக்கக் கடைச்சல்காரர் சங்கத்தின் பாடங்களும் அதிலேயே கிடைக்கின்றன. முதலில் ஊன்று, பிறகு சாய்வைத் தடவவிடு, பிறகு வெட்டு என்று அங்கே சொல்வதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பா முழங்கையில் காட்டியது அதையேதான். முகமறைப்பு போடச் சொல்லும் பாடத்தைத்தான் நான் முதலில் பார்க்க வைத்தேன். அது அன்று எங்களிடம் இருக்கவில்லை, தழும்பு இருக்கிறது.

ஆனால் அந்தப் பாடங்களில் வரும் மரம் மேப்பிளும் ஆஷும். எங்கள் வளவில் நிற்பது பூவரசும் வேம்பும் பனையும். பனையின் வெளிப்புறம் கறுத்த நாராய் இறுகியிருக்கும், உள்ளே சோறு. நார் உளியின் வாயைத் தின்றுவிடும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை தீட்டவேண்டும், இல்லாவிட்டால் பிய்ந்துவரும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியை உண்டாக்கும். வெட்டிய பச்சைக் கட்டையின் இரு முனையிலும் மெழுகு பூசி நிழலில் போடாவிட்டால் வெடித்துவிடும். இதையெல்லாம் தமிழில் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகனின் போனிலேயே பதிவுசெய்துவருகிறேன். பெரியப்பாவின் குரல் ஒரு நிமிடம்கூட எங்களிடம் இல்லை என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

போன கிழமை அவன் ஒரு தடித்த வேப்பங் கட்டையை ஏற்றிவிட்டுக் குமிழைத் திருகினான். மெசின் அதிரத் தொடங்கியது. பின்னால் நின்ற எனக்கு வலது தோள் தானாக இறுகியது.

“மெல்ல, தம்பி.”

“எப்பிடி மாமா பாக்காமலே தெரியும்?” என்றபடி குமிழைத் திருப்பினான்.