சொந்தக் காரணங்களுக்காக

ஒரு கம்பெனி இயக்குநரை என்ன தப்புக்காக வீட்டுக்கு அனுப்பலாம்? சட்டத்தைப் புரட்டினால் பதில் கிடைக்கும். நடப்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

முதலில் சட்டம். நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 169. பொதுக்கூட்டத்தில் பெரும்பான்மை வாக்கு விழுந்தால், பதவிக்காலம் முடியும் முன்பே இயக்குநரை இறக்கிவிடலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவருடைய மரியாதைக்குக் குறை வரக் கூடாது. 14 நாள் முன்னதாகச் சிறப்பு நோட்டீஸ் தர வேண்டும். அதன் நகல் அவர் கைக்குப் போக வேண்டும். அவர் எழுதித் தரும் விளக்கத்தைப் பங்குதாரர்களுக்கு அனுப்ப வேண்டும், முடியாவிட்டால் கூட்டத்தில் படிக்க வேண்டும். அவர் எழுந்து பேசினால் கேட்க வேண்டும். இயற்கை நீதி. நல்லதுதான். இந்த 14 நாளை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

நோட்டீஸ் கொடுப்பது யார்? நீங்களும் நானும் அல்ல. ஒரு விழுக்காடு வாக்குரிமை வேண்டும், அல்லது 5 லட்சம் ரூபாய் முகமதிப்புக்குப் பங்கு வேண்டும். ரிடையர்மென்ட் பணத்தில் நூறு பங்கு வாங்கியவர் ஏஜிஎம்முக்கு வரலாம். ஸ்வீட் பாக்ஸ் தருவார்கள். வாங்கிக்கொண்டு போகலாம்.

அடுத்தது பிரிவு 167. பன்னிரண்டு மாதம் ஒரு போர்டு மீட்டிங்குக்கும் தலைகாட்டாதவரின் பதவி தானாகப் போய்விடும். கடுமையான சட்டம்! பதினோராவது மாதம் ஒருநாள் வந்து, தட்டிலிருக்கும் முந்திரியைக் கொறித்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, கூட்டத்துக்கு ஒரு லட்சம் வரை சட்டம் அனுமதிக்கும் சிட்டிங் ஃபீஸை வாங்கிக்கொண்டு கிளம்பினால் பதவி தப்பியது. வாயைத் திறந்தாரா என்று எந்தப் பிரிவும் கேட்பதில்லை.

பிரிவு 164 இன்னும் சூரன். மூன்று ஆண்டு தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநருக்கு ஐந்து ஆண்டு தடை. 2017இல் இந்தப் பிரிவை எடுத்து வீசினார்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே மூச்சில் தகுதி இழந்தார்கள். அவர்களுடைய கம்பெனிகளில் லெட்டர்பேட் கம்பெனிகள் நிறைய, மறுக்கவில்லை. ஆனால் அரசாங்கத்தின் கத்தி எங்கே வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். படிவம் போடாதவன் கழுத்தில்.

பொய்யை எழுதிப் படிவம் போட்டவன்? அவனுக்கு விருது.

மிகைப்படுத்தவில்லை. சத்யம் கம்ப்யூட்டர்ஸுக்கு 2008 செப்டம்பரில் சிறந்த நிறுவன நிர்வாகத்துக்கான ‘தங்க மயில்’ விருது கொடுத்தார்கள். காலாண்டு தவறாமல் கணக்கு வந்தது. கணக்கில் இருந்த பணம்தான் வரவில்லை. கையிருப்பு 5,361 கோடி என்றது புத்தகம். அதில் 5,040 கோடி கிடையவே கிடையாது. போர்டில் உட்கார்ந்திருந்தவர்கள் சாமானியர்களா? ஹார்வர்டு பேராசிரியர், முன்னாள் கேபினட் செயலாளர், மேலாண்மைக் கல்லூரியின் டீன். 2008 டிசம்பர் 16 அன்று, சேர்மன் குடும்பத்தின் இரண்டு மேடாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்க இந்தப் போர்டு தலையாட்டியது. முதலீட்டாளர்கள் கத்திய கத்தில்தான் அது நின்றது.

சரி, அந்தச் சேர்மன் ராமலிங்க ராஜுவை நீக்கியது யார்? யாரும் இல்லை. 2009 ஜனவரி 7 அன்று அவரே கடிதம் எழுதி, தாமே குற்றத்தைச் சொல்லி, தாமே ராஜினாமா செய்தார். ஆடிட்டர் கண்டுபிடிக்கவில்லை, போர்டு கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர் குற்றவாளி! பிறகு அரசு விழித்துக்கொண்டு, இரண்டே நாளில் போர்டைக் கலைத்தது.

ஐஎல்&எஃப்எஸ் நிதி நிறுவனத்தின் கதையும் இதே ஜாதிதான். சுமார் 90 ஆயிரம் கோடிக் கடன். ஊர் உலகத்தின் பி.எஃப். பணமெல்லாம் அதில். அங்கே இடர் மேலாண்மைக் குழு என்று ஒன்று இருந்தது. 2015க்கும் 2018க்கும் இடையில் அது ஒரே ஒரு முறை கூடியது என்று அரசே தீர்ப்பாயத்தில் சொன்னது. 2018 அக்டோபர் 1 அன்று போர்டைத் தூக்கினார்கள். வீடு எரிந்து முடிந்தபின் வாட்ச்மேனை டிஸ்மிஸ் செய்த மாதிரி.

இவர்களையெல்லாம் அசைக்காத பிரிவு 169 யார்மேல் சுறுசுறுப்பாகப் பாய்ந்தது தெரியுமா? 2016 டிசம்பரில் நுஸ்லி வாடியாமேல். டாடா ஸ்டீல், டாடா மோட்டார்ஸ், டாடா கெமிக்கல்ஸ் மூன்றிலும் அவர் சுயாதீன இயக்குநர். பணத்தை எடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. டாடா தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட சைரஸ் மிஸ்திரி பக்கம் நின்றார் என்பதே புகார். மூன்று கம்பெனியிலும் தீர்மானம் நிறைவேறியது. ‘சுயாதீனம்’ என்றால் எவ்வளவு தூரம் என்று மற்ற சுயாதீன இயக்குநர்களுக்கும் அன்றைக்குப் புரிந்திருக்கும்.

தப்பே செய்து மாட்டினாலும் இங்கே ‘நீக்கம்’ என்ற சொல் அபூர்வம். பங்குச்சந்தைக்கு இரண்டு வரி போகும். ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறார். அவரது அரிய சேவையைப் போர்டு பாராட்டிப் பதிவு செய்கிறது.’ ஆயா வேலை பார்க்கும் வீட்டில் நூறு ரூபாய் காணாமல் போனால் போலீஸ் வரும். இங்கே வருவது பூங்கொத்து.

ஒரு முறை, நம்ம ஊரில், பங்குதாரர்கள் திருப்பி அடித்தார்கள். 1926இல் கரூர் வியாபாரிகள் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. வாராக்கடன் ஏறி, முதல் கரைந்து, 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கியின் கண்டிப்புப் பட்டியலில் ஏறிய வங்கி. 2020 செப்டம்பர் 25, ஆண்டுப் பொதுக்கூட்டம். நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தை வாக்குப்போட்டுத் தோற்கடித்தார்கள். ஏழு பேர் தொடங்கியதில் ஏழு பேர் வெளியே! ஜனநாயகம் வென்றது என்று கை தட்டினோம்.

ஐம்பத்து மூன்று நாள் கழித்து, நவம்பர் 17 அன்று, வங்கியை முடக்கினார்கள். 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அன்று மாலையே இணைப்புத் திட்ட வரைவு வந்தது. வங்கி சிங்கப்பூர் டிபிஎஸ்ஸின் இந்தியத் துணை நிறுவனத்துக்கு. பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி. பத்து ரூபாய் பங்குக்குப் பத்து பைசாகூட இல்லை. தாத்தா வாங்கிப் பேரன் பேருக்கு மாற்றிய பத்திரங்களும் அதில் அடக்கம்.

இயக்குநருக்கு 14 நாள் நோட்டீஸ் என்றேனே. பங்குதாரர்களுக்கும் அவகாசம் கொடுக்காமல் இல்லை. ஆட்சேபம் இருந்தால் நவம்பர் 20, மாலை 5 மணிக்குள் ரிசர்வ் வங்கிக்கு எழுதி அனுப்பச் சொன்னார்கள். மூன்று நாள். 27ஆம் தேதி இணைப்பு முடிந்தது.