காஞ்சிருச்சா?

இன்று காலையும் அந்த ஜீன்ஸ் காயவில்லை. சனிக்கிழமை துவைத்தது. சென்னையில் ஐப்பசி மழை. மொட்டை மாடிக் கொடி காலி. சாப்பாட்டு நாற்காலி, கதவின் மேல்விளிம்பு, யாரும் ஏறாத டிரெட்மில் எல்லாவற்றிலும் துணி. வழக்கம்போல ஜன்னலை அடைத்து ஃபேனை ஐந்தில் வைத்தாயிற்று. நீங்கள் மட்டும் வேறென்ன செய்துவிடுவீர்கள்?

ஆனால் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் அந்தத் தொட்டுப் பார்க்கும் விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் துணி காய்ந்துவிட்டதென்று ஒருவராகத் தீர்மானிக்க முடியாது. நான் உள்ளங்கையால் தொட்டு, "காஞ்சிருச்சு" என்பேன். மனைவி புறங்கையால் தொட்டு, "ஈரங்க" என்பாள். அம்மா கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, "ஈரமில்லடா, சில்லுனு இருக்கு" என்பார். அப்பா தொடவே மாட்டார், பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "காஞ்சிருக்காது." ஜீன்ஸுக்குச் சொந்தக்காரனான மகன் முகர்ந்து பார்ப்பான். அவன் கண்டுபிடிப்பது வேறு சமாசாரம்.

யாரையும் குறை சொல்ல முடியாது. ஈரத்தை அறிய மனிதத் தோலில் தனி உணர்வியே இல்லை. குளிர்ச்சியையும் தொடுதலையும் வைத்து மூளை ஊகிக்கிறது. துணியை விட்டுக் கிளம்பும் நீர், கிராமுக்குச் சுமார் 580 கலோரி வெப்பத்தையும் சுருட்டிக்கொண்டு போகும், அதனால் சில்லிடும். மழை நாளிலோ காய்ந்த துணியும் சில்லென்றுதான் கிடக்கும். முழங்கால் தேறிவிட்டது, தொடை தேறிவிட்டது, இடுப்புப் பட்டி தேறவில்லை. பட்டியை விட மோசம் பை. பையை வெளியே இழுத்துவிட்டால், அதன் அடித் தையல். நேற்று வந்த சித்தப்பா செருப்பைக் கழற்றியவுடன் அதைத்தான் தொட்டுப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இருக்கு." யார் கேட்டது?

ஜீன்ஸுக்கு அமெரிக்காவில் 1873இல் காப்புரிமை வாங்கினார்கள். அதைத் தைத்தவர் நெவாடா மாநிலத்துத் தையல்காரர். அந்த நாட்டிலேயே மழை மிகக் குறைவான மாநிலம் அது. அங்கே எதையும் தைக்கலாம். இங்கே சித்திரை வெயிலில் நாலு முழ வேட்டி, கிளிப் தேடுவதற்குள் காய்ந்துவிடும், யாரும் மதிப்பதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 26 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 24 கிராம் நீராவி தாங்கும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் 28 கன மீட்டர். ஈரப்பதம் ஏற்கெனவே 90 சதவீதம் என்றால் மிச்சமுள்ள இடம் எழுபது கிராமுக்கும் கீழே. மிஷினில் சுற்றி எடுத்த பிறகும் ஜீன்ஸ் கால் லிட்டருக்குக் குறையாமல் வைத்திருக்கிறது. ஃபேன் என்ன செய்யும்? துணியை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றைத் தள்ளிவிடும். ஜன்னல் மூடியிருப்பதால் அது அறையைச் சுற்றிவிட்டு மறுபடி அதே ஜீன்ஸிடம் வரும்.

விளக்கினேன். "ஜன்னலைத் திறந்தா கொசு வரும்."

2017இல் வைகை அணை நீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். காற்று அவற்றைக் கரை ஒதுக்கியது. அணையை எங்கள் ஹாலில் கட்டியிருந்தால் ஒரு சொட்டு குறைந்திருக்காது.

அந்த வழியைச் சொல்வதற்குள் மகன் அயர்ன் பாக்ஸை எடுத்துவிட்டான். சொய்ங்கென்று பட்டியிலிருந்து ஆவி கிளம்புகிறது. எங்கே போகும், பக்கத்து நாற்காலியில் என் பனியன் இருக்கிறதே. வேண்டுமானால் வந்து தொட்டுப் பாருங்கள்.