இங்கு அனைவரும் நலம், காரைத் தவிர

திருவாரூர்க் கீழவீதிக்காரர் ஒருவர் கனடாவில் வின்னிபெக் நகருக்குக் குடிபோனார். முதல் ஜனவரியைப் பார்த்த கையோடு ஊரிலிருக்கும் சித்தப்பாவுக்கு நாலு பக்கக் கடிதம் போட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சித்தப்பா இரண்டு வரி படித்துவிட்டுக் கும்பிடு பொம்மை போட்டுவிடுவார் என்பதால் தாளில் எழுத்து. முதல் வரியே: இங்கு அனைவரும் நலம், காரைத் தவிர.

அன்று காலை மைனஸ் 24 டிகிரி. மார்கழிப் பனிக்கே மப்ளர் சுற்றிக்கொண்டு கமலாலயக் குளக்கரையில் டீ குடித்தவர், மூன்று சட்டைக்கு மேல் ஒரு கோட்டு மாட்டிக்கொண்டு காரில் ஏறிச் சாவியைத் திருகினார். டிக் டிக் டிக் டிக். சுவர்ப் பல்லி சகுனம் சொன்ன மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அவருக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் சித்தப்பாவின் கொல்லையில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினில் படித்தது. மேலே இருக்கும் லிவரைத் தூக்கி அழுத்தத்தை விட்டுவிட்டு, ஹேண்டிலைப் போட்டுச் சுற்ற வேண்டும். சக்கரம் வேகம் எடுத்ததும் லிவரைத் தட்டிவிட்டால் டப்... டப்டப்டப் என்று பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும். நட்டைத் தளர்த்தி நுரை போகும்வரை ஒழுகவிட்டு முடுக்கினால் சரி. அந்தத் தைரியத்தில் பானெட்டைத் திறந்தார். உள்ளே நட்டும் இல்லை, லிவரும் இல்லை. ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடி மட்டும் இருந்தது.

அடுத்த யோசனை ஊர் யோசனை: தள்ளுவது. 96 அடி உயரம், சுமார் 300 டன் எடையுள்ள ஆழித்தேரையே நகர்த்துகிற ஊர்க்காரர் அவர். முன்னால் வடம், பின்னால் முட்டித் தள்ளப் புல்டோசர், திருப்ப முட்டுக்கட்டை, நிறுத்த திருச்சி பெல் செய்துகொடுத்த பிரேக். பல வருடம் நிலையிலேயே நின்றுபோன தேர் 1970-ல் மறுபடி ஓடியதைச் சித்தப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவருக்கு ஒன்றரை டன் கார் எம்மாத்திரம்? பஞ்சாபி நண்பர்கள் மூவரைப் பிடித்து, "ஆரூரா! தியாகேசா!" என்று கோஷமும் கற்றுக்கொடுத்து, பனியில் வழுக்கி வழுக்கித் தெருக்கோடிவரை தள்ளிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் கையில் காபியோடு நின்று எல்லாவற்றையும் ரசித்துவிட்டுத்தான் சொன்னார், இது ஆட்டோமேடிக் கியர் என்று. கிளட்ச் வண்டியில் சக்கரம் உருண்டால் இன்ஜினும் சேர்ந்து சுற்றும். இதில் கியர் பிடிப்பது எண்ணெய் அழுத்தத்தால்; அந்த அழுத்தத்தைக் கொடுக்கும் பம்பைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் தூங்கினால் கியரும் தூங்கும். திருவாரூரே திரண்டு வந்து தள்ளினாலும் நடக்காது. காரை மறுபடி வாசலுக்குத் தள்ளி வந்தபோது கோஷம் எதுவும் எழவில்லை.

பெரியவர் முதலில் கேட்டது சத்தம் எப்படி என்றுதான். நாடி பார்ப்பது போலத்தான் இதுவும். படபடவென்று டிக் டிக் என்றால் பேட்டரியில் தெம்பு இல்லை. ஒரே ஒரு 'டக்'கோடு நின்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகப்படலாம். நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் பெட்ரோல் வரவில்லை, அல்லது பொறி வரவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரியில் 12.3. ஊரில் இது போதும். மைனஸ் 18-லேயே பேட்டரியின் பலம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். இன்ஜின் ஆயிலோ வெல்லப்பாகு மாதிரி இறுகிக்கிடக்கும். சம்பளம் பாதி, செலவு இரட்டிப்பு என்று சித்தப்பாவுக்குப் புரியும்படி எழுதியிருக்கிறார்.

பேட்டரி உறைந்து வீங்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, பெரியவர் தன் காரிலிருந்து ஒயர் கொடுத்தார். சிவப்புக்குச் சிவப்பு. கறுப்பின் கடைசி முனையை மட்டும் பேட்டரியில் மாட்டாமல் இன்ஜினின் வெற்று இரும்பில் கடிக்கவிட்டார். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசிந்தால் ஒரு பொறி போதுமாம். இரண்டாவது திருகலில் கார் உறுமியது.

சித்தப்பாவின் ஆயில் இன்ஜினைப் போலவே, ஹேண்டில் திருப்பி அடித்துக் கை ஒடிந்த காலம் அமெரிக்கக் கார்களுக்கும் இருந்தது. சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் 1912 காடிலாக் கார்களில் வந்தபின்தான் அங்கே ஹேண்டில் மெல்ல மறைந்தது. சித்தப்பாவின் கொல்லைக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை என்று ஒரு குத்தல்.

கடைசிப் பக்கம் முழுக்க பிளக் கதை. வந்த புதிதில் கார்களின் மூக்கிலிருந்து பிளக் தொங்குவதைப் பார்த்து, ஊரே மின்சாரக் கார் ஓட்டுகிறது என்று அசந்துபோனாராம். அது இன்ஜினுக்கு ஹீட்டர். எல்லைக்கு அந்தப்பக்கம், வடக்கு டக்கோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-ல் காப்புரிமை வாங்கியது. கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பு செருகிவிட்டால் இன்ஜின் கதகதப்பாக இருக்கும். இப்போது அவரும் தினம் செருகுகிறார். ஒரு நாள் பிடுங்க மறந்து ஒயரை இழுத்துக்கொண்டே ஆபீஸ்வரை போனதையும் ஒளிக்கவில்லை.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலு பக்கத்தையும் படித்தார். அன்று ராத்திரியே போன் போட்டார்.

"ஏம்ப்பா, அங்க மும்முனை கரண்டு எத்தனை மணி நேரம் விடுறான்?"