ஆன் டைமா, இன் டைமா?

கே: ரயில் ‘ஆன் டைம்’ என்கிறார்கள், ‘இன் டைம்’ என்றும் சொல்கிறார்கள். சூரமங்கலத்தில் சேலம் ஜங்ஷனுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் இன்னும் குழப்பம் தீரவில்லை.

ப: ஆன் டைம் ரயிலுக்கு, அட்டவணையில் போட்ட அதே நிமிஷம். இன் டைம் உங்களுக்கு, வண்டி கிளம்புவதற்குள். ரயில் ஆன் டைமில் வந்தால் ஐந்து ரோட்டு நெரிசலில் சிக்கியவர் இன் டைமில் வர மாட்டார். ரயில் லேட்டானால் எல்லோருமே இன் டைம்தான். ரயில்வேக்கு நாம் நன்றி சொல்லாமல் விட்ட சேவை இது.

கே: பஸ்ஸுக்கு ‘ஆன்’, காருக்கு ‘இன்’. என்ன நியாயம்?

ப: ஏறிய பிறகு எழுந்து நாலு எட்டு நடக்க முடிந்தால் ஆன். பஸ், ரயில், கப்பல், விமானம் எல்லாம் இந்தக் கோஷ்டி. குனிந்து நுழைந்து உட்கார்ந்தபடியே போனால் இன். காரும் ஆட்டோவும் அப்படி. காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் நடக்க இடமேது என்று மடக்காதீர்கள். படியில் தொங்குகிறவருக்கு ஆன்தான், இலக்கணப்படியும் நிலவரப்படியும்.

கே: ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதியதற்கு மகளுக்கு மார்க் குறைத்துவிட்டார்கள். தமிழிலேயே யோசிப்பதால்தான் இந்தத் தப்பு வருகிறது என்கிறார் டீச்சர். சரியா? – ஜாகீர் அம்மாபாளையம் வாசகி

ப: தமிழில் யோசித்திருந்தால் தப்பே வந்திருக்காது, அம்மா. ‘ஐந்து வருஷமாக’ என்று ‘ஆக’ வருகிறதா? ஃபார். ‘2019லிருந்து’ என்று ‘இருந்து’ வருகிறதா? சின்ஸ். இந்திக்காரர்களுக்கு இரண்டுக்கும் ஒரே ‘ஸே’தான், அவர்கள் தடுமாறினால் காரணம் இருக்கிறது. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. ‘பை’யும் ‘டில்’லும் அப்படியே. ‘திங்கட்கிழமைக்குள்’ முடிப்பேன் என்றால் பை, ‘திங்கட்கிழமை வரை’ லீவு என்றால் டில். ஆபீஸில் ‘டில் மண்டே முடித்துவிடுகிறேன்’ என்று மெயில் போடும் மேனேஜர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். மகள் எழுதியது ‘ஐ ஆம் லிவிங் ஹியர்’ என்று ஆரம்பித்திருந்தால் அதுவும் ‘ஹேவ் பீன் லிவிங்’ ஆக வேண்டும். டீச்சர் கவனிக்கவில்லை என்றால் நாம் எதற்குப் போட்டுக் கொடுப்பானேன்?

கே: ‘வயா’ இங்கிலீஷா? – ராசிபுரம் வாசகர்

ப: லத்தீன். வழி என்றுதான் அர்த்தம். அதன் அருமை உங்கள் ஊருக்குத் தெரியும். சேலத்திலிருந்து கரூருக்கு ரயிலில் போக 2013 மே மாதம் வரை ‘வயா ஈரோடு’. ராசிபுரம், நாமக்கல் பாதை திறந்தபின் ‘வயா நாமக்கல்’. ஃப்ரமும் டுவும் மாறவில்லை; நடுவில் இருந்த ஊர் மாறியது, சுற்று குறைந்தது.

கே: ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்றால் வெளிநாட்டு நண்பர் முழிக்கிறாரே?

ப: கம்பெனி ஆட்சியில் ஸ்டேஷன் என்றால் அதிகாரி வேலை பார்க்கும் ஊர். கம்பெனி போய்விட்டது, ஸ்டேஷனை நாம் வைத்துக்கொண்டோம்.

கே: ‘ஆண்ட்’ போன்ற பொடிச் சொல்லால் யாருக்காவது நஷ்டம் வருமா? – வக்கீல் குமாஸ்தா ஒருவர்

ப: ஜெயிலே வரும். 2024 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓர் ‘ஆண்ட்’டுக்குத் தீர்ப்பு எழுதியது. போதைப் பொருள் வழக்கில் குறைந்தபட்ச தண்டனையிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் பழைய குற்றப் பதிவில் அ, ஆ ‘ஆண்ட்’ இ இருக்கக் கூடாது என்கிறது சட்டம். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் விலக்கு போகுமா, ஒன்று இருந்தாலே போகுமா? ஒன்றே போதும் என்றார்கள் ஆறு நீதிபதிகள். மூன்று பேர் ஒப்பவில்லை. தமிழில் ‘எதுவும் இருக்கக் கூடாது’ என்றால் ஓர் ‘உம்’மோடு வழக்கு முடிந்தது. ‘மூன்றும் இருக்கக் கூடாது’ என்று எழுதித் தொலைத்திருந்தால் நம் கோர்ட்டிலும் அதே கூத்துதான். தொல்காப்பியர் ‘உம்’முக்கு மட்டும் எட்டுப் பொருள் சொல்கிறார்: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். ‘ஆண்ட்’ முக்கியமாகப் பார்ப்பது அதில் ‘எண்’ணின் வேலையை. அதற்கே ஒன்பது நீதிபதிகள்.

கே: வாக்கியத்தை ப்ரிபொசிஷனில் முடிக்கக் கூடாதாமே?

ப: ஜான் டிரைடன் என்ற கவிஞர் கிளப்பிவிட்டது. செத்து 35 வருஷமான நாடகாசிரியர் பென் ஜான்சன் இப்படி முடித்திருக்கிறார் என்று 1672இல் குறை பிடித்தார். பிறகு பார்த்தால் தன் பழைய கட்டுரையிலும் அதே வியாதி, உட்கார்ந்து திருத்தினார். நீங்கள் அந்தச் சிரமம் எடுக்க வேண்டாம். ‘ஹூ ஆர் யூ டாக்கிங் டு?’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘டு ஹூம்’ என்று ஆரம்பித்தால் எதிர்முனையில் இருப்பவர் போனை வைத்துவிடுவார்.